மழையில் பைக்குள் இருப்பது நனையாமல் இருக்க

மலையேற்றப் பையில் பொருட்களை அடுக்கும் முன், தடிமனான பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை அதற்குள் விரித்துவிடுங்கள். தூங்கும் பை, மாற்றுத்துணி எல்லாவற்றையும் அதில் வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இறுக முறுக்கி மடித்துச் செருகினால் போதும். 50 லிட்டர் பைக்கு 70 லிட்டர் அளவில் எடுத்தால் மடிக்க இடம் இருக்கும்.

வெளியே மாட்டும் ரெயின் கவர் முதுகுப் பக்கத்தை மூடாது. கழுத்து வழியாக வழியும் நீர் முதுகுக்கும் பைக்கும் நடுவே இறங்கி, தோள்பட்டைத் தையல்களில் ஊறி உள்ளே போகும். பலத்த காற்றில் கவரே கழன்று பறப்பதும் உண்டு. உள்ளே விரித்த பையில் ஜிப்போ பக்கவாட்டுத் தையலோ இல்லை. நீர் எந்தப் பக்கம் நுழைந்தாலும் அதோடு நின்றுவிடும். இறகு அடைத்த தூங்கும் பை வைத்திருப்பவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது, நனைந்த இறகு உப்பலை இழந்து குளிரைத் தாங்காது.

மெல்லிய குப்பைப் பை சீக்கிரம் கிழியும், வேண்டாம். நனைந்த கூடாரத்தையும் மழைக்கோட்டையும் இதற்குள் வைக்காதீர்கள். ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். மழை பெய்யும்போது அடிக்கடி எடுக்க வேண்டிய கேமரா, போன் போன்றவற்றுக்கும் இது ஒத்துவராது. அப்புறம், பை முழுவதும் நீரில் மூழ்கக்கூடிய ஆற்றைக் கடப்பதென்றால், வாயைச் சுருட்டிப் பூட்டும் டிரை பேக்தான் சரி.