வீட்டிலேயே மூன்று அடுக்கு கல்யாண கேக்: சுடுவதிலிருந்து அடுக்குவது வரை

என் கல்யாண கேக்கை நானே செய்தேன். அப்புறம் நண்பர்கள் சிலருக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். சாதாரண ஸ்பாஞ்ச் கேக் சுடத் தெரிந்த யாருக்கும் இது கைக்கு எட்டுகிற வேலைதான். அலங்காரத்தை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது சூடும் குளிரும். எது எப்போது இறுகியிருக்க வேண்டும், எது எப்போது இளகியிருக்க வேண்டும் என்று பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் பொறுமையாகச் செய்கிற வேலைதான்.

அளவு

10, 8, 6 இஞ்ச் வட்ட டின்கள். ஒவ்வொரு அடுக்கும் சுமார் 4 இஞ்ச் உயரம். 1 இஞ்சுக்கு 2 இஞ்ச் துண்டாக வெட்டினால் மூன்றும் சேர்ந்து 70 பேருக்குத் தாராளமாக வரும்.

10 இஞ்ச் டின் 8 இஞ்சைவிடக் கொஞ்சம்தான் பெரிது போலத் தெரியும், ஆனால் ஒன்றரை மடங்குக்கு மேல் மாவு பிடிக்கும். விட்டத்தை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள்: 100, 64, 36. மாவும் இந்த விகிதத்தில்தான் தேவைப்படும். 8 இஞ்ச் அடுக்குக்கு 8 முட்டை என்றால், 10 இஞ்சுக்கு 12, 6 இஞ்சுக்கு 5. முட்டை ஒன்றுக்கு வெண்ணெய், சர்க்கரை, மைதா ஒவ்வொன்றும் 55 கிராம். 4 முட்டைக்கு 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர். அடுக்கு ஒன்றுக்கு 1 இஞ்ச் கனத்தில் நான்கு லேயர் சுட்டுக்கொள்ளுங்கள்.

சுடுவது

160 டிகிரி போதும். பெரிய டின்னில் ஓரம் முதலில் வெந்து இறுகிவிடும், நடு மட்டும் உப்பி மேடாகும். பழைய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, பட்டையாக மடித்து டின்னைச் சுற்றி ஊக்கு குத்திவிடுங்கள். ஓரத்துக்குச் சூடு மெதுவாகப் போவதால் கேக் மட்டமாக எழும்பும். கடையில் இதற்கென்றே பட்டைகள் விற்கிறார்கள், வாங்கத் தேவையில்லை.

ஆறியதும் ஒவ்வொரு லேயரையும் கிளிங் ஃபிலிமில் இரண்டு சுற்று சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பே இந்த வேலையை முடித்துவிடலாம். குளிர்ந்த கேக் வெட்டும்போதும் பூசும்போதும் உதிராது.

பட்டர்கிரீம்

வெண்ணெயும் ஐசிங் சர்க்கரையும் மட்டும் அடித்துச் செய்கிற வகை சுலபம்தான். ஆனால் திகட்டும், பூச்சும் அவ்வளவு வழவழப்பாக வராது. கல்யாண கேக்குக்கு நான் ஸ்விஸ் மெரிங் பட்டர்கிரீம்தான் சொல்வேன்; வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் சூடாக்கி நுரைத்து, அதில் வெண்ணெய் சேர்க்கிற வகை இது. ஒரு தடவைக்கு 150 கிராம் வெள்ளைக்கரு, 300 கிராம் சர்க்கரை, 450 கிராம் உப்பில்லாத வெண்ணெய். மூன்று அடுக்குக்கு இதே அளவில் மூன்று தடவை செய்தால் சரியாக வரும். மொத்தமாகப் போட்டால் சாதாரண மிக்சர் பாத்திரம் கொள்ளாது.

வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். 71 டிகிரி வர வேண்டும். விரலுக்கு நடுவில் தேய்த்தால் சர்க்கரை நறநறக்கக் கூடாது. தெர்மாமீட்டர் மட்டும் கட்டாயம் வாங்குங்கள், இதில் கண் மதிப்பு வேண்டாம். இறக்கி, கெட்டி நுரையாக வரும்வரை மிக்சரில் அடியுங்கள். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை எழும்பாது, முன்கூட்டியே வினிகரால் துடைத்துவிடுவது நல்லது.

அடுத்து வெண்ணெய். பலர் மனம் தளர்வது இங்கேதான். பாத்திரத்தின் அடியைத் தொட்டுப் பாருங்கள். கொஞ்சம் வெதுவெதுப்பு இருந்தாலும் காத்திருங்கள். வெண்ணெய் 20 டிகிரி அளவில் இருக்க வேண்டும்: விரலால் அழுத்தினால் பள்ளம் விழும், ஆனால் பளபளக்காது, விரலில் ஒட்டாது. ஒவ்வொரு துண்டாகப் போட்டு அடித்துக்கொண்டே வாருங்கள். முக்கால்வாசி போட்டதும் நுரை அமுங்கி, பால் திரிந்தது மாதிரி கட்டிகட்டியாகப் பிரியும். தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். எதுவும் கெடவில்லை, வெண்ணெய் சற்றுக் குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மேலும் சில நிமிடம் அடித்தால் மிக்சரின் சத்தமே மாறும். சளசளவென்று இருந்தது பட்பட்டென்று கனமாக அடிபடும், கிரீம் பாத்திரத்தின் ஓரத்தை விட்டுச் சேர்ந்து வரும். அப்படியும் சேராவிட்டால் ஒரு கரண்டி கிரீமை எடுத்து உருக்கி, திரும்ப ஊற்றி அடியுங்கள்.

கட்டியாகாமல் மோர் மாதிரி ஓடினால் அது சூட்டுக் கோளாறு. பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் 20 நிமிடம் வைத்து மறுபடி அடியுங்கள். கடைசியில் துடுப்பு மாதிரியான பிளேடை மாட்டி, குறைந்த வேகத்தில் இரண்டு நிமிடம் ஓட்டினால் காற்றுக் குமிழ்கள் அடங்கும். பூச்சில் ஓட்டை விழாமல் இருப்பது இந்த இரண்டு நிமிடத்தால்தான்.

பூசுவது

ஒவ்வொரு அடுக்கையும் அதே அளவு அட்டைமேல் வைத்துக் கட்டுங்கள். லேயர்களில் சர்க்கரைப் பாகைத் தடவி, நடுவில் கிரீம் வைத்து, முதலில் மெல்லிய பூச்சு. இது உதிரும் துகள்களைப் பிடித்து வைக்க மட்டும்தான், அழகாக இருக்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம். பிறகு தேவைக்கு அதிகமாகவே கிரீமை அப்பி, சுழல்மேடையைச் சுற்றிக்கொண்டே ஸ்கிரேப்பர் என்கிற தட்டையான தகட்டால் வழித்தெடுங்கள். ஸ்கிரேப்பரை அசைக்காதீர்கள், சுற்ற வேண்டியது மேடை. பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் வளையும், உலோகத்தில் வாங்குங்கள். கனமான சுழல்மேடைக்கும் செலவு செய்யலாம். மற்ற அலங்காரச் சாமான்கள் இல்லாமலே சமாளிக்கலாம்.

அடுக்குவது

மேல் அடுக்கின் பாரத்தைக் கீழே உள்ள கேக் தாங்காது. உள்ளே செருகும் குச்சிகள்தான் தாங்கும். 10 இஞ்ச் அடுக்கின் மேல் 8 இஞ்ச் அட்டையை லேசாக வைத்து வட்டத்தை அடையாளம் செய்யுங்கள். அந்த வட்டத்துக்குள் 6 குச்சி. 8 இஞ்ச் அடுக்கில் 4 போதும். கேக்கின் உயரமான இடத்தில் ஒரு குச்சியைச் செருகி, கிரீம் மட்டத்தில் குறித்து, எடுத்து வெட்டுங்கள். மற்ற எல்லாவற்றையும் அந்த முதல் குச்சியை வைத்தே அளந்து வெட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் செருகின இடத்திலேயே அளந்தால் கேக்கின் மேடுபள்ளம் குச்சிக்கும் வந்து, மேல் அடுக்கு சாயும். மரக்குச்சியைவிடப் பருமனான, கெட்டியான பிளாஸ்டிக் குழாய்தான் எனக்குப் பிடிக்கும். கத்தரியால் வெட்டலாம், சிராய் விழாது.

மூன்றையும் தனித்தனிப் பெட்டியில் கொண்டுபோய் மண்டபத்தில் அடுக்குங்கள். பெட்டிகளைக் காரின் இருக்கையில் வைக்காதீர்கள், அது சரிவாக இருக்கும். தட்டையான தளத்தில் வழுக்காத விரிப்பின் மேல் வைத்து, ஏசியைப் போட்டுவிடுங்கள். முந்தைய இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்த கேக்தான் பயணத்தைத் தாங்கும். ஆனால் வெட்டுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே வெளியே வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டர்கிரீம் வெறும் வெண்ணெய்க் கட்டியாகத்தான் வாயில் படும்.

பின்சேர்க்கை

கிரீம் மஞ்சளாக வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். வெண்ணெயின் நிறம் அது. பல்குச்சி நுனியில் ஊதா ஜெல் கலரைத் தொட்டு, பொட்டளவு கலந்தால் வெள்ளையாகும். கொஞ்சம் கூடினாலும் சாம்பல் நிறமாகிவிடும்.

வெயிலில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். 25 டிகிரிக்கு மேல் போனால் பட்டர்கிரீம் இளகத் தொடங்கும். திறந்தவெளிக் கல்யாணம் என்றால் வெட்டும் நேரத்துக்குச் சற்றுமுன் கொண்டுவந்து வையுங்கள்.

நிஜப் பூ வைப்பவர்கள் அது விஷப்பூ இல்லை, மருந்தடித்தது இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அரளி, ஹைட்ரேஞ்சியா இரண்டும் கேக் பக்கமே வரக்கூடாது. மற்ற பூக்களின் காம்பையும் டேப் சுற்றாமல் கேக்கில் குத்தாதீர்கள்.

வெட்டப்போகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: மேல் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி, குச்சிகளை உருவிய பிறகே கத்தி வைக்க வேண்டும். மொத்தம் 10 குச்சி என்று பெட்டி மூடியில் எழுதிவைத்தால் ஒன்றுகூட யார் தட்டுக்கும் போகாது.