ரங்கூனில் பழைய கூட்டாளிகளோடு நாலு நாள்

ஒரே தெருவில் வளர்ந்த கூட்டம் எங்களுடையது. ஒருவன் கோலாலம்பூர், ஒருவன் சென்னை, ஒருத்தி சிங்கப்பூர். ஊரில், அதாவது பர்மாவின் ரங்கூனில் (இப்போதைய பெயர் யாங்கோன்) தங்கிவிட்டவன் நான். அவர்கள் மூன்று பேரும் ஒன்றாக வந்து இறங்கிய முதல் தடவை நான் செய்த கூத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். நாலு நாளுக்குப் பதினாலு இடம் எழுதி, கார் பேசி, டீக்கடை முதல் ராத்திரிச் சாப்பாடு வரை எல்லாவற்றுக்கும் நானே காசு கொடுத்தேன். வந்தவர்கள் விருந்தாளிகள் இல்லையா, நம்ம ஊர் இல்லையா என்று ஒரு வீம்பு. நாலாம் நாள் காலை வீட்டுக்காரியிடம் கை நீட்டி நின்றேன். அவர்களுக்கோ நான் காசு எடுக்க விடவில்லை என்று வருத்தம். பதினாலு இடத்தில் எட்டைக் காரிலிருந்தே பார்த்தோம். அதனால் இப்படி ஒன்றுகூடுவது எப்படி என்பதை ஊரில் இருக்கிறவன் பக்கம் நின்று எழுதுகிறேன். வருகிறவர்களும் படிக்கலாம்.

முதலில் காசு. இறங்கிய அன்றைக்கே ஆளுக்கு இவ்வளவு என்று பேசி ஒரே பர்ஸில் போட்டுவிடுங்கள். அந்தப் பர்ஸை உள்ளூர்க்காரன் கையில் கொடுங்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: கடையில் காசு கொடுப்பது அவன் கையாகவே இருக்கும், பணம் மட்டும் எல்லோருடையதாக இருக்கும். எங்கள் சென்னைக்காரன் கண்டுபிடித்த வழி இது, அதற்கப்புறம் ஒரு மனத்தாங்கலும் வந்ததில்லை. உள்ளூர்க்காரனும் தன் பங்கைப் போடட்டும், கொஞ்சமாக இருந்தாலும் சரி, ஆனால் பங்கு எவ்வளவு என்பதை அவன் சொல்லட்டும், மற்றவர்கள் அதற்கு மேல் போட்டுக்கொள்ளலாம். டாலர் கொண்டு வருகிறவர்கள் மடிப்பு விழாத, கறை படாத புது நோட்டாகப் பார்த்துக் கொண்டு வரவேண்டும். நடுவில் ஒரு மடிப்பு இருந்தால் போதும், மாற்றுகிறவர் விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளிவிடுவார். கார்டை நம்பி வராதீர்கள்.

தேதி குறிப்பதில் பெரிய விஷயம் இல்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாருங்கள். மே நடுவில் மழை பிடித்தால் அக்டோபர் வரை விடாது. ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா, கடையெல்லாம் மூடிக்கிடக்கும், வெயிலும் மண்டையைப் பிளக்கும். தீபாவளி இங்கே அரசு விடுமுறை, அதை ஒட்டி வந்தால் உள்ளூர்க்காரனுக்கு ஒரு நாள் லீவு மிச்சம். பேசி முடிவெடுக்கும்போது மணியைக் கவனியுங்கள், நம்ம கடிகாரம் அரை மணிக் கணக்கு: சென்னையைவிட ஒரு மணி நேரம் முன்னால், சிங்கப்பூரையும் கோலாலம்பூரையும்விட ஒன்றரை மணி பின்னால். "எட்டு மணிக்குக் கூப்பிடு" என்றால் யார் எட்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரையும் வற்புறுத்தாதீர்கள். கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபிறகு, 35 வயதுக்குள் இருக்கிற, இந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற பையன்கள் ஊருக்கு வர யோசிக்கிறார்கள். "பயந்தாங்கொள்ளி" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்ல வேண்டாம். கூட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தால் பாங்காக்கில் கூடுங்கள், ரங்கூன் எங்கேயும் ஓடிவிடாது.

தங்குவது எங்கே? வீட்டில் படுத்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் ராத்திரி விருந்தாளி தங்கினால் வார்டு ஆபீஸில் பதிய வேண்டும், இது 2021-லிருந்து மறுபடியும் கட்டாயம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்கள் ஹோட்டலுக்குப் போவதுதான் எல்லோருக்கும் நிம்மதி. இன்னொன்று, தண்ணீர். எங்கள் வீடு ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் மேலே தண்ணீர் ஏறாது. விருந்தாளி ஆசையாக ஊற்றிக் குளிக்கிற ஒவ்வொரு சொம்பும் நாங்கள் விடியற்காலை விழித்திருந்து தொட்டியில் பிடித்துவைத்த தண்ணீர். வாயைத் திறந்து சொல்ல மாட்டோம், அதனால் நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். ஹோட்டலிலும் ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்டுவிட்டு அறை எடுங்கள்.

வீட்டைக் கண்டுபிடிப்பது தனிக் கதை. டவுனில் தெருக்களுக்கு நம்பர்தான் பெயர். ஆனால் தெரு நம்பர் மட்டும் போதாது, மேல் பிளாக்கா, நடு பிளாக்கா, கீழ் பிளாக்கா என்றும் கேட்க வேண்டும், இல்லையென்றால் அதே நம்பர் உள்ள வேறு வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள். தட்ட வேண்டியதும் இல்லை: பழைய கட்டடங்களில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும், நுனியில் கிளிப், மேலே மணி. இழுத்தால் மேலே மணி அடிக்கும், பால்கனியில் தலை தெரியும், சாவியைக் கயிற்றிலேயே இறக்கிவிடுவார்கள். சிங்கப்பூர்க்காரி வந்த முதல் நாள் அந்தக் கயிற்றை இழுத்துவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மேலிருந்து மூன்று தடவை கூப்பிட்டும் விடவில்லை.

இப்போது முக்கியமான ஒன்று. ஒரு டீக்கடையைப் பிடியுங்கள். நாலு நாளும் அதே கடை, அதே நேரம், காலை ஏழு. ஃபேஸ்புக் 2021-லிருந்து இங்கே முடக்கம், நெட்டும் எப்போது படுக்கும் என்று தெரியாது. "கிளம்பும்போது மெசேஜ் போடு" என்கிற பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். ஏழு மணிக்குக் கடைக்கு வருகிறவர்கள் அன்றைக்கு எங்கே போகலாம் என்று முடிவு செய்வார்கள், தூங்கிப்போனவர் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தால் பிளாஸ்க்கில் வெறும் டீ சும்மாவே வரும், அது எத்தனை குடித்தாலும் காசில்லை. பால் டீக்குத்தான் சொல்ல வேண்டும்: இனிப்பும் பாலும் தூக்கலாக வேண்டுமென்றால் சோசெய்ன், இனிப்பு குறைத்து டீ தூக்கலாக வேண்டுமென்றால் போச்சா. பையனை "ஞீலே" என்று கூப்பிடுங்கள், தம்பி என்று அர்த்தம். கூட இச்சாகுவே (எண்ணெயில் பொரித்த நீள மாவுத் துண்டு), பலாட்டா (நம்ம பரோட்டாதான்), அவித்த பட்டாணி போட்ட நான் ரொட்டி. சென்னைக்காரன் ஒரு கடையில் "அத்தோ இருக்கா?" என்று கேட்டான். கடைக்கார அம்மா "எந்த அத்தோ?" என்றார். கலந்து பிசைந்த எல்லாமே இங்கே அத்தோதான்: நூடுல்ஸ், சமோசா, தக்காளி, இஞ்சி, டீ இலை. சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் சாப்பிட்ட நூடுல்ஸ்தான் பர்மாவின் ஒரே அத்தோ என்று நினைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

ஊர் சுற்ற ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம். டாக்சியில் ஏறிவிட்டால் நெரிசலில் பாதி நாள் போகும், நகரத்துக்குள் மோட்டார் சைக்கிளுக்கும் தடை. எனக்குப் பிடித்தது பன்சொடான் படகுத்துறை. அங்கிருந்து ஆற்றைத் தாண்டி டலாவுக்குப் படகில் போய்த் திரும்பலாம், குளிர்காலமென்றால் கடற்காகங்கள் கூட்டமாக வந்து நம் கையில் இருக்கிற பொரியைக் கொத்தும். அனோரத்தா சாலைக் காளியம்மன் கோயிலுக்கு ஒரு சாயங்காலம். ஸ்காட் மார்க்கெட்டுக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை. பெரியவர்கள் யாராவது கூட வந்தால் இந்தத் தெருக்களின் பழைய பெயர்களைக் கேளுங்கள், அனோரத்தா அவர்களுக்கு இன்னும் பிரேசர் தெருதான், மகாபண்டூலா டல்ஹவுசிதான்.

ஷ்வேடகோன் புத்தர் கோயிலுக்கு விடியற்காலையில் போங்கள், செருப்பு மட்டுமல்ல, சாக்ஸும் கழற்ற வேண்டும். நாலு பக்கமும் படிக்கட்டு இருப்பதால் எந்த வாசல் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். பிறந்த கிழமைக்கு ஒரு மூலை, அங்கே ஒரு சிலை, தண்ணீர் ஊற்ற ஒரு கிண்ணம். புதன்கிழமை மட்டும் காலை, மாலை என்று இரண்டாகப் பிரியும், ஆக எட்டு மூலை. கோலாலம்பூர்க்காரன் புதன்கிழமை பிறந்தவன், காலையா மாலையா என்று தெரியாமல் அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டான். அந்த அம்மா பிரசவக் கதையை முழுசாகச் சொல்ல, நாங்கள் நாலு பேரும் ஸ்பீக்கரைச் சுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டோம். அரைமணி நேரம். மாலைதான்.

ராத்திரி சீக்கிரம் கலையுங்கள். உள்ளூர்க்காரன் உங்களை ஹோட்டலில் விட்டுவிட்டுத் தனியாக வீடு திரும்ப வேண்டும் என்பது நினைவில் இருக்கட்டும். நாலு நாளும் அவன் லீவு போட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், பகலில் அவன் வேலைக்குப் போகட்டும், நீங்கள் தூங்குங்கள்.

கிளம்புகிற அன்றைக்கு மிங்கலாடோன் விமான நிலையம் போக இரண்டு மணி நேரமாவது கையில் வையுங்கள். டீ இலை, பலாச்சாங் (காய்ந்த இறால் தொக்கு) எல்லாம் கெட்டியாகக் கட்டிப் பெட்டியில் போடுங்கள், பலாச்சாங் பாட்டில் சரியாக மூடவில்லையென்றால் உங்கள் சட்டை ஒரு மாதத்துக்கு இறால் வாடை அடிக்கும். பர்ஸில் மிஞ்சின கியாட்டை, அதாவது இந்த நாட்டுப் பணத்தை, வெளிநாட்டில் மாற்ற முடியாது, கொண்டுபோகவும் வேண்டாம். எண்ணிப் பங்கு போடவும் வேண்டாம். எங்கள் பர்ஸ் முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. போன மழையில் வீட்டுக்காரி அதிலிருந்து எடுத்து ஒரு கேஸ் சிலிண்டர் வாங்கினாள், நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.