கொழும்பில் தண்ணீர்ப் பில் கட்டுவது: புதிதாகக் குடிவருபவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவில் கிணறு இருந்தது. தண்ணீருக்கு மாதாமாதம் காசு கட்ட வேண்டும் என்பதே வெள்ளவத்தைக்கு வந்த பிறகுதான் எனக்குப் பழக்கமானது. வந்த முதல் வாடகை வீட்டில், எங்களுக்கு முன்பிருந்த குடும்பம் மூன்று மாதப் பில்லைக் கட்டாமல் போயிருந்தது. பில் வீட்டுக்காரரின் பெயரில்தான் வரும். யார் பாவித்திருந்தாலும் நிலுவை அந்த இணைப்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இணைப்பைத் துண்டிக்க ஆள் வந்தபோது வீட்டில் இருந்தது நானும் கைக்குழந்தையும்தான். அதனால் சொல்கிறேன்: முற்பணம் கொடுக்கும் முன்பே கடைசிப் பில்லையும் அது கட்டிய பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். சாவி கைமாறும் நாளில் மீற்றரைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள்.

தொடர்மாடி என்றால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். சில கட்டடங்களுக்கு மொத்தமாக ஒரே மீற்றர்தான். அங்கே தண்ணீர்க் காசை நிருவாகக் குழு கணக்குப் பார்த்து வாங்கும். உங்களுக்கென்று தனி மீற்றர் இருந்தால், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு நீங்களே கட்ட வேண்டும்.

மீற்றர் வாசிப்பவர் மாதம் ஒருமுறை வருவார். கேற் பூட்டியிருந்தால் சராசரியை வைத்துப் பில் போடப்படும். அடுத்த வாசிப்பில் மொத்தமும் சேர்ந்து வரும்போது நெஞ்சு திடுக்கிடும். மீற்றர் மூடியின் மேல் பூச்சட்டியை வைத்துவிடாதீர்கள்.

பில்லில் முதலில் பார்க்க வேண்டியது முந்தைய வாசிப்பும் இப்போதைய வாசிப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் அலகுகள். ஓர் அலகு என்பது ஒரு கனமீற்றர், அதாவது 1,000 லீற்றர். மீற்றரில் கறுப்பு எண்கள் அலகைக் காட்டும். சிவப்பு அதற்குக் குறைந்த அளவு. கறுப்பை மட்டும் பில்லோடு ஒப்பிடுங்கள். பாவனை கூடக் கூட ஓர் அலகின் விலையும் படிப்படியாக ஏறும். அதோடு மாதாந்தச் சேவைக் கட்டணமும் சேரும். ஆகவே பாவனை இரட்டித்தால் பில் அதைவிடக் கூடுதலாக ஏறுவது வழக்கம்.

காரணமில்லாமல் கூடினால், இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு ரோர்ச் அடித்து மீற்றரைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சின்னச் சக்கரம் அப்போதும் சுற்றினால் எங்கோ ஒழுகுகிறது. எங்கள் வீட்டில் அது மலசலகூடத்துத் தண்ணீர்த் தாங்கி. சத்தமே இல்லாமல் வாரக்கணக்காக ஓடியிருந்தது. றப்பர் வாசரை மாற்றியதும் நின்றுவிட்டது. ஒழுக்கு எதுவும் இல்லாமலே பில் பிழையாகத் தெரிந்தால் 1939 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மீற்றர்ப் படம் கையில் இருந்தால் பேச்சு சுலபம்.

கட்டுவதற்கு வழிகள் நிறைய. தபாற்கந்தோர், வங்கி, கார்கில்ஸ் ஃபுட் சிட்டி, கீல்ஸ் போன்ற சுப்பர்மார்க்கெட்டுகள் எல்லா இடத்திலும் வாங்குவார்கள். சபையின் இணையத்தளத்தில் வங்கி அட்டையாலும் கட்டலாம். வங்கியின் கைபேசிச் செயலியிலும் முடியும். என் அம்மா கடைசிவரை தபாற்கந்தோரில்தான் கட்டினார். முத்திரை குத்திய தாளைக் கையில் பிடித்தால்தான் அவருக்கு நிம்மதி. நான் செயலியில் கட்டுகிறேன்.

எந்த வழியானாலும் கணக்கு இலக்கத்தைப் பில்லைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாகச் சரிபாருங்கள். ஒருமுறை அவசரத்தில் ஓர் எண்ணை மாற்றிப்போட்டு, வேறு யாருடைய பில்லையோ கட்டிவிட்டேன். அந்தக் காசைத் திருப்பி எடுக்க இரண்டு மாதம் அலைந்தேன். அன்றிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறேன்: திகதி, வாசிப்பு, கட்டிய தொகை, பற்றுச்சீட்டு இலக்கம். வீடு மாறும்போது அதன் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் முற்பணத்தைத் திருப்பிக் கேட்பேன்.