கூரை திறக்கும் கார்: முன்னால் இழுப்பதா, பின்னால் தள்ளுவதா?

ஜெர்மனியின் எஸ்லிங்கனில் நாங்கள் குடியிருக்கும் தெரு, நெக்கார் ஆற்றங்கரையிலிருந்து நேராக மேட்டில் ஏறுகிறது. சைக்கிளில் வருகிறவர்கள் பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். இந்த ஊருக்கு வந்த 11 வருடங்களில் கூரை திறக்கும் கார் இரண்டு வைத்திருக்கிறேன். முதலாவது, முன்சக்கரம் இழுக்கும் நாலு சீட்டர். இப்போது இருப்பது பின்சக்கரம் தள்ளும் மாஸ்டா எம்எக்ஸ்-5. "கன்வர்டிபிள் வாங்கலாம்னு இருக்கோம், ஃப்ரண்ட் வீலா, ரியர் வீலா, ஆல் வீலா?" என்று தெரிந்தவர்கள் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தெந்த மாதம் ஓட்டப் போகிறீர்கள்?

ஜெர்மனியில் இதற்கான பதிலை நம்பர் பிளேட்டிலேயே எழுதிவிடலாம். சீசன் பிளேட் 1997இல் வந்தது. வலது ஓரத்தில் மேலே 04, கீழே 10 என்று இருந்தால் அந்தக் கார் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் சாலைக்கு வரலாம். வரியும் இன்சூரன்ஸும் அந்த மாதங்களுக்கு மட்டும். குறைந்தது 2 மாதம், அதிகபட்சம் 11 மாதம் எடுக்கலாம். மிச்ச மாதங்களில் தெருவோரம் நிறுத்தி வைக்கக்கூட அனுமதி இல்லை, அதனால் கராஜோ தனியார் இடமோ கையில் இருக்க வேண்டும். விபத்தில்லாத வருடங்களுக்கான இன்சூரன்ஸ் தள்ளுபடி ஏறிக்கொண்டே போக வேண்டுமானால் சீசன் 6 மாதத்துக்குக் குறையக் கூடாது. என்னுடையது 03–10. மார்ச்சில் பனி விழும் நாட்களில் பஸ்ஸில் போய்விடுவேன்.

சீசன் பிளேட் என்று முடிவாகிவிட்டால் பின்சக்கர வண்டியைப் பற்றிய பயத்தில் முக்கால்வாசி போய்விடும். பனியில் ஓட்டப் போவதே இல்லையே. அப்படிப்பட்டவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது பின்சக்கரம்தான். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது வண்டியின் எடை பின்பக்கம் சாய்கிறது. தள்ளுகிற சக்கரங்கள் அப்போதுதான் சாலையில் நன்றாக அழுந்துகின்றன. முன்சக்கரங்களுக்குத் திரும்புகிற வேலை மட்டும். அதனால் ஸ்டியரிங்கில் எந்த இழுப்பும் இல்லாமல், சாலை எப்படி இருக்கிறது என்பது மட்டும் கைக்கு வந்து சேரும். பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் போகும் பி 500 மலைச்சாலையில், கூரையைத் திறந்துவிட்டு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு வளைவாகப் போகும்போது இதை உணராமல் இருக்க முடியாது. கூரை திறக்கும் காரை வாங்குவதே அந்த மாதிரி ஒரு காலை நேரத்துக்காகத்தான் என்று நான் நம்புகிறேன். எம்எக்ஸ்-5 1989இலிருந்து இதே அமைப்பில்தான் வருகிறது: எஞ்சின் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கும், எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிப் பாதி.

இதற்குக் கொடுக்கும் விலை டிக்கி. இப்போதைய எம்எக்ஸ்-5இல் 130 லிட்டர்தான், இரண்டு சின்னப் பை. அப்புறம், அக்டோபர் மழையில் ஈர இலை கிடக்கும் ரவுண்டானாவில் அவசரமாக ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்பக்கம் லேசாக நழுவும். எனக்கு இரண்டு முறை அப்படி ஆகி, டாஷ்போர்டில் ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் தானே பிடித்து நிறுத்தும் மின்னணு அமைப்பு) விளக்கு மின்னியது, வண்டி தானே நேராகிவிட்டது. பின்சக்கர வண்டி உங்களுக்கு முதல் தடவை என்றால் ஈஎஸ்பி உள்ள காரை மட்டும் பாருங்கள். 2014 நவம்பருக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகப் பதிவான கார்களில் அது கட்டாயம். அதற்கு முந்தைய காரென்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வருடம் முழுக்க ஓட்ட வேண்டும், வீட்டில் இருப்பது இந்த ஒரே கார், பின்சீட்டில் குழந்தை உட்கார வேண்டும். அப்படியென்றால் முன்சக்கரம். எஞ்சினின் எடை இழுக்கிற சக்கரங்களின் மேலேயே இருப்பதால் சமதளத்தில் பனி வந்தாலும் சமாளிக்கும். மினி கன்வர்டிபிளும் ஃபோக்ஸ்வாகன் டி-ராக் கேப்ரியோலேவும் இந்த வகை. பழைய கார் பார்க்கிறவர்களுக்கு சாப் 9-3, வோல்வோ சி70, 2006 முதல் 2015 வரை வந்த ஃபோக்ஸ்வாகன் ஈயோஸ். டி-ராக்கில் டிக்கி 284 லிட்டர். மினியில் கூரை மூடியிருக்கும்போது 215, திறந்தால் 160. ஓட்டும்போது தெரியும் குறை ஒன்று உண்டு: சக்தி அதிகமான எஞ்சினாக இருந்தால், வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலேட்டர் கொடுத்ததும் ஸ்டியரிங் ஒரு பக்கம் பிடித்து இழுக்கும்.

மேட்டு வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் முதல் காரை வாங்கிய வருடம், நவம்பர் கடைசியில் கோடை டயரோடு இருந்தபோதே பனி வந்துவிட்டது. எங்கள் தெருவின் நடுவில் முன்சக்கரம் இரண்டும் வெறுமனே சுற்ற, மகளைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு ரிவர்ஸிலேயே கீழே இறங்கினேன். மேட்டில் ஏறும்போது எடை பின்னால் போய்விடும், இழுக்க வேண்டிய சக்கரம் லேசாகிவிடும். மறுநாளே குளிர்கால டயர் போட்டேன். அதே கார், அதே தெரு, அதன் பிறகு நாலு குளிர்காலம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. இங்கே பனியிலும் உறைந்த சாலையிலும் ஓட்டக் குளிர்கால டயர் சட்டப்படியே தேவை. 2024 அக்டோபரிலிருந்து மலையும் பனித்துகளும் வரைந்த முத்திரை உள்ள டயர்தான் செல்லும், சேறு, பனிக்கு என்று டயரில் போடும் பழைய எம்+எஸ் குறி மட்டும் போதாது. டயருக்கு 600 யூரோ செலவழிக்கத் தயங்கிவிட்டு நாற்சக்கர இயக்கத்துக்குப் பல ஆயிரம் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

நாற்சக்கர இயக்கம் புறப்படுவதற்கும் ஏறுவதற்கும் உதவும். பிரேக் பிடிக்க உதவாது. பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்தில்தான் இருக்கிறது, வழுக்கும் சாலையில் நிறுத்துவது டயர்தான். கூரை இல்லாத குறையை ஈடுகட்ட இந்தக் கார்களின் அடிப்பகுதியை ஏற்கெனவே பலப்படுத்தி எடை கூட்டியிருப்பார்கள். அதன் மேல் இன்னும் 50 முதல் 100 கிலோ ஏறும், பெட்ரோலும் கூடும். வீடு கருங்காட்டு (பிளாக் ஃபாரஸ்ட்) மலையில் உயரத்தில் இருந்து, ஜனவரியிலும் இதே காரில்தான் வேலைக்குப் போக வேண்டும் என்றால் சரி, வாங்குங்கள். பிஎம்டபிள்யூ 4 சீரிஸ், மெர்சிடிஸ் சிஎல்இ இரண்டிலும் நாற்சக்கர இயக்கத்தோடு கேப்ரியோலே உண்டு. ஆடி ஏ5இலும் முன்பு இருந்தது, இப்போது பழைய காராகத்தான் கிடைக்கும். பிஎம்டபிள்யூவிலும் மெர்சிடிஸிலும் அதே கார் பின்சக்கர வகையிலும் கிடைப்பதால், இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பாருங்கள்.

பழைய நாற்சக்கர வண்டியில் முதலில் டயரைப் பாருங்கள். நாலும் ஒரே பிராண்டு, ஒரே மாதிரி தேய்ந்ததாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்மானம் மிகவும் வேறுபட்டால் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும், முன், பின் அச்சுகளுக்கு நடுவில் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கிளட்சோ டிஃபரன்ஷியலோ ஓயாமல் உழைத்துக் கெட்டுப்போகும். நான் பார்க்கப் போன ஒரு காரில் முன்னால் புத்தம் புது டயர், பின்னால் வழுவழுவென்று. "போன மாசம்தான் மாத்தினேன்" என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார். மெதுவாக ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி ஒரு வட்டம் போட்டதும் வண்டி தத்தித் தத்தி வந்தது. அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். ஹால்டெக்ஸ் கிளட்ச் (தேவைப்படும்போது மட்டும் இன்னொரு அச்சுக்கும் சக்தியை அனுப்பும் வகை) உள்ள காரென்றால் அதற்கான ஆயில் மாற்றிய ரசீதையும் கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு முடிவில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்தது.

ஓட்டிப் பார்க்கும்போது கூரை திறக்கும் காருக்கென்று ஒரு வசதி இருக்கிறது. கூரையைத் திறந்துவிட்டு, நீளமான மதில் சுவரை ஒட்டி மெதுவாகப் போங்கள். சக்கரத்தின் சத்தம் சுவரில் பட்டு உங்கள் காதுக்கே வரும். முன்சக்கர வண்டியில், முழுக்கத் திருப்பிப் போகும்போது டக் டக் என்று கேட்டால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு தேய்ந்திருக்கிறது. பின்சக்கர வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டு விட்டு அழுத்துங்கள். பின்னாலிருந்து ஒவ்வொரு முறையும் 'டங்' என்று வந்தாலோ, வேகம் கூடக் கூட டிஃபரன்ஷியல் முனகினாலோ மெக்கானிக்கிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். பழைய எம்எக்ஸ்-5 என்றால் கதவுக்குக் கீழுள்ள பட்டையிலும் பின்சக்கர வளைவிலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் அடியில் ஒழுகி வர வேண்டும்.

மின்சார வண்டிகளில் மோட்டார் எந்த அச்சில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஃபியட் 500 மின்சாரக் கேப்ரியோவில் அது முன்னால், ஸ்மார்ட் ஃபோர்டூவில் பின்னால், எம்ஜி சைபர்ஸ்டரில் பின்னால் மட்டும் அல்லது இரண்டிலும். நான் மேலே சொன்ன மாதமும் மேடும் இவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

விலை பேசுவதற்கு முன்னால் கூரையைத் திறந்தபடியே டிக்கியில் உங்கள் சாமானை வைத்துப் பாருங்கள். என் மகளின் வயலின் பெட்டியைக் கையோடு கொண்டுபோய்த்தான் நான் அளந்தேன். குறுக்கே சாய்த்து வைத்தால் உள்ளே போகிறது.