வன்னியில் பழைய சஞ்சிகை தேடப் போகிறவர்களுக்கு

1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய இலக்கியச் சஞ்சிகை மல்லிகை, அதற்கு மூன்று வருடம் முந்திய நகைச்சுவைச் சஞ்சிகை சிரித்திரன், இவற்றின் பழைய இதழ்களைத் தேடி வன்னிக்குப் போவதென்றால், எவை ஏற்கெனவே நூலகம் என்ற ஈழத்து எண்ணிம நூலக இணையத்தளத்தில் ஏறிவிட்டன என்று பாருங்கள். இல்லாத இதழ்களை மட்டும் தேடினால் போதும். கார்த்திகை, மார்கழி மழைக்குள் போகவேண்டாம். ஈரத்தில் தாள் ஒட்டிக்கொள்ளும்.

கடைகளை நம்பாதீர்கள். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் சிலர் உடுப்போடு சஞ்சிகைகளையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போனவர்களுக்கு உயிரைக் கொண்டுவருவதே பெரும்பாடு. ஆகவே 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை பூட்டமுன் வவுனியாவில் சாமான் விட்டுவைத்த குடும்பங்களை விசாரியுங்கள். "சண்டையில் எரிஞ்சதோ?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தச் சண்டையில் அந்த வீட்டில் யார் போனார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

சொந்தக்காரர் வீடென்றால் காணிக் கதையைப் பேசித் தீர்த்துவிட்டுப் பெட்டியைக் கேளுங்கள். புதுக்குடியிருப்பில் சித்தி வீட்டில் சித்தப்பா சேர்த்த றங்குப்பெட்டி இருக்கிறது. மேலே சிரித்திரன் கேலிச்சித்திரப் பாத்திரம் சவாரித்தம்பர் சிரித்தபடி. அதற்குமேல் சித்தி தொடவிடவில்லை. "முதல்ல அப்பான்ர காணிக்கு அற்றோணி எழுதித் தா தம்பி, பிறகு பாப்பம்" என்றுவிட்டா. அற்றோணி என்றால் என் சார்பில் காணி அலுவல் பார்க்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம்.

அங்கே தொடங்கியது அலைச்சல். கந்தோரில் கிராம சேவகரின் கடிதம் வேண்டும் என்றார்கள். அவர் கூட்டத்துக்குப் போய்விட்டார். கடிதத்தோடு போனால் அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அது கனடாவில். மகள் படமெடுத்து அனுப்பியதைக் காட்டினால் மூலப்பிரதி கேட்டார்கள். காலையிலிருந்து வரிசையில் நின்ற கிழவிகளிடம் "நாளைக்கு வாங்கோ" என்று சொல்லும் அந்தக் குரல் இன்னும் எரிச்சலூட்டுகிறது. பஸ் காசுக்கும் அவர்கள் யோசிக்கவேண்டும்.

கந்தோர் வாங்கில் காத்திருந்தபோது சித்தி சொன்னா: "மிதிவெடி எடுக்குமட்டும் காத்திருந்து, வேலி அடைச்சு, தென்னைக்குத் தண்ணி ஊத்தினது நான்தானே. நீங்கள் எல்லாரும் போயிட்டியள்." என்னிடம் பதில் இல்லை. அவ கேட்டது நியாயம். ஒப்பமிடவேண்டியதை நொத்தாரிசிடம் ஒப்பமிட்டபிறகுதான் பெட்டி திறந்தது.

திறந்ததும் அள்ளிக்கொண்டு வரப் பார்க்காதீர்கள். இராமபாணப் பூச்சி தின்ற ஓரங்களுக்கு செலோடேப் ஒட்டவேண்டாம், காலப்போக்கில் அது தாளை மஞ்சளாக்கும். முற்றத்து நிழலில் பாய்விரித்து, கைபேசியில் பக்கம் பக்கமாகப் படமெடுங்கள்; அட்டை, விளம்பரம், பின்பக்கம் ஒன்றும் விடாமல். இதழ்கள் அந்த வீட்டிலேயே இருக்கட்டும். பழைய நூல், ஏடுகளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அரச அனுமதி தேவைப்படலாம், முன்கூட்டியே விசாரியுங்கள். விடுதலைப் புலிகள் வெளியிட்ட வெளிச்சம் போன்ற போர்க்கால இதழ்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகவே போகாதீர்கள்.