கூடுதல் சம்பளத்தைத் திருப்பிக் கேட்டுப் பழைய கம்பெனி கோர்ட்டுக்குப் போனால்: நான் செய்த வழி

வேலையை விட்டு எட்டு மாதம் ஆன பிறகு கோர்ட் முத்திரையோடு ஒரு தடித்த கவர் வந்தது. சம்பள உயர்வை பேரோலில், அதாவது சம்பளக் கணக்கில், இரண்டு தடவை ஏற்றிவிட்டார்களாம், 13 மாதம் மாதாமாதம் 200 பவுண்டு கூடுதலாக எனக்கு வந்திருக்கிறதாம். ஆக 2,600 பவுண்டு, அதற்கு மேல் 8 சதவீத வட்டி, கோர்ட் கட்டணம். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதே கவர் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் உதவட்டும் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும், ஸ்காட்லாந்தில் கோர்ட் நடைமுறை வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தப்பு அவர்களுடையது என்பதால் மட்டும் அந்தப் பணம் நமக்குச் சொந்தமாகிவிடாது. தவறுதலாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க சட்டத்தில் இடம் உண்டு, பொதுவாக 6 வருடம் வரை கேட்கலாம். அதனால் "நீங்கள்தானே தப்பு செய்தீர்கள்" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். நாம் கேள்வி கேட்க வேண்டியது தொகையைத்தான்.

நாள் கணக்கு

கவரைத் திறந்ததும் கிளெய்ம் ஃபார்மில் இருக்கும் 'இஷ்யூ' தேதியை, அதாவது கோர்ட் வழக்கை வெளியிட்ட தேதியை, பாருங்கள். ஆன்லைனில் போட்ட வழக்கென்றால் அதிலிருந்து ஐந்தாம் நாள் உங்கள் கைக்கு வந்ததாகக் கணக்கு. அதற்குப் பின் 14 நாளில் பதில் போக வேண்டும். அந்த 14 நாளுக்குள் 'அக்னாலெட்ஜ்மென்ட் ஆஃப் சர்வீஸ்' (வழக்குத் தாள் கிடைத்தது என்று சொல்லும் ஃபார்ம்) அனுப்பிவிட்டால் மொத்தம் 28 நாள் கிடைக்கும். மார்ச் 3 இஷ்யூ தேதி என்றால் மார்ச் 8 வந்து சேர்ந்ததாகக் கணக்கு, மார்ச் 22க்குள் அக்னாலெட்ஜ்மென்ட், ஏப்ரல் 5க்குள் டிஃபென்ஸ், அதாவது நம் எதிர்வாதம். அக்னாலெட்ஜ்மென்ட் அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது, டிஃபென்ஸ் தனியாகப் போக வேண்டும். எதுவுமே அனுப்பாவிட்டால் நம்மைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். அந்த சிசிஜே (கவுன்டி கோர்ட் தீர்ப்பு) 6 வருடம் பதிவில் கிடக்கும், வாடகைக்கு வீடு பார்க்கும்போதுகூட குறுக்கே நிற்கும். ஒரு மாதத்துக்குள் முழுப் பணத்தையும் கட்டினாலோ, தீர்ப்பே ரத்தானாலோதான் நீக்குவார்கள்.

தபாலைவிட ஆன்லைனில் பதில் போடுவதே நல்லது, கவரிலேயே பாஸ்வேர்ட் இருக்கும். தபாலில்தான் அனுப்புவேன் என்றால் போஸ்ட் ஆஃபீஸில் அனுப்பியதற்கான சான்று கேட்டு வாங்குங்கள், காசு கிடையாது. பழைய கம்பெனியோடு போனில் பேசவே வேண்டாம், எல்லாம் ஈமெயிலில் இருக்கட்டும்.

நான் மாட்டிக்கொண்ட இடம்

பேஸ்லிப், பி60 (வருடக் கடைசியில் கம்பெனி தரும் சம்பள, வரிக் கணக்கு), பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டேன். கைவசம் இல்லாத பேஸ்லிப்புகளுக்கு 'சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட்' (என்னைப் பற்றி வைத்திருக்கும் தகவலைக் கேட்பது) என்று கம்பெனிக்கு ஒரு ஈமெயில் போட்டேன். இதற்கும் கட்டணம் இல்லை, ஒரு மாதத்தில் கொடுக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் என் கணக்கு அவர்கள் சொன்ன 2,600க்கு வரவே இல்லை. எங்கோ ஒரு மாதத்தை விட்டுவிட்டேன் என்று மூன்று இரவு அதே பேஸ்லிப்புகளைத் திரும்பத் திரும்பப் புரட்டினேன்.

அப்புறம்தான் புரிந்தது. 2,600 என்பது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. மாதம் 200இல் 20 சதவீதம் வரி, 8 சதவீதம் நேஷனல் இன்ஷூரன்ஸ் என 56 பவுண்டு என் கைக்கு வராமலே போயிருக்கிறது. எனக்கு வந்தது 144தான், 13 மாதத்துக்கு 1,872. மீதி 728 பவுண்டை நான் பார்த்ததே இல்லை! கம்பெனி தன் பேரோல் கணக்கைத் திருத்தி எச்எம்ஆர்சிக்கு (பிரிட்டன் வரித்துறை) அனுப்பி அதைச் சரிசெய்துகொள்ள வழி இருக்கிறது. அப்படித் திருத்தினீர்களா, எந்தத் தேதியில் என்று எழுத்தில் கேளுங்கள். பேசாமல் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் வரியைத் திரும்ப வாங்க நாம்தான் அலைய வேண்டும். பென்ஷன் பிடித்திருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். மாதத்துக்கு ஒரு வரியாக கூகுள் ஷீட்டில் போட்டு வையுங்கள், கடைசி வரை அந்த ஒரு தாள்தான் எனக்குக் கைகொடுத்தது.

டிஃபென்ஸில் 1,872ஐ ஒப்புக்கொண்டு மீதியை மறுத்தேன். நீளமாக எழுதவில்லை, ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டு அரைப் பக்கம்தான். ஆன்லைன் டிஃபென்ஸோடு பேஸ்லிப்பை இணைக்க முடியாது, அதெல்லாம் பிறகுதான் கேட்பார்கள்.

இன்னொரு வாதம் உண்டு, 'சேஞ்ச் ஆஃப் பொசிஷன்' என்பார்கள். கூடுதல் பணம் என்று தெரியாமல், அதை நம்பி, வேறு விதத்தில் செய்திருக்கவே மாட்டோம் என்ற செலவைச் செய்திருந்தால் அந்த அளவுக்குத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று வாதாடலாம். 1991இல் அப்போதைய உச்ச கோர்ட்டான ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் லிப்கின் கோர்மன் வழக்கில் இதை ஏற்றுக்கொண்டது. வாடகை, மளிகை போல எப்படியும் ஆகியிருக்கும் செலவு இதில் வராது. எனக்கு அப்படித் தனிச் செலவு எதுவும் இல்லை, அதனால் நான் எழுதவில்லை. கூடுதலாக வருகிறது என்று தெரிந்தே செலவழித்திருந்தால் நீங்களும் எழுத வேண்டாம், நிற்காது.

10,000 பவுண்டு வரை பொதுவாக சிறு வழக்குப் பிரிவில்தான் போகும். 2024 மே 22 முதல் போட்ட இத்தகைய வழக்குகளில் போனில் ஒரு மணி நேர சமரசப் பேச்சு கட்டாயம், இலவசம். இரண்டு பக்கத்தையும் ஒரே லைனில் விடுவதில்லை, சமரசம் செய்பவர் மாறி மாறிப் பேசுவார். எனக்கு 1,872க்கே முடிந்தது, மாதம் 104 வீதம் 18 மாதம், சிசிஜே இல்லை. மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதைப் பேச்சுக்கு முன்பே முடிவு செய்து வையுங்கள், நான் அங்கேதான் கொஞ்சம் தடுமாறினேன்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஒரு அக்கா, அக்னாலெட்ஜ்மென்டில் 'ஜூரிஸ்டிக்ஷனை எதிர்க்கிறேன்' என்ற கட்டத்தையும் டிக் செய்துவிட்டதாக எழுதியிருந்தார். இந்த வழக்கை விசாரிக்கவே கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்று அதற்கு அர்த்தம், நமக்கு அது தேவையில்லை. தெரியாமல் டிக் செய்திருந்தால் உடனே கோர்ட்டுக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள்.

இன்னொரு தம்பிக்குக் கவர் பழைய வீட்டுக்குப் போய், அவருக்குத் தெரியாமலே தீர்ப்பு வந்துவிட்டது. தெரிந்த அன்றே என்244 ஃபார்ம் போட்டு ரத்து செய்யக் கேட்க வேண்டும், தாமதம் ஆக ஆக வாய்ப்பு குறையும். வீடு மாறினால் பழைய கம்பெனிக்கும் புது முகவரியை ஒரு ஈமெயிலில் சொல்லிவிடுங்கள்.