கைபேசியில் ஒரு கிறிஸ்துமஸ் மர்மக் குறும்படம்: வீட்டு ஆட்களை வைத்தே எடுப்பது எப்படி?

நவம்பர் பிற்பாதியில் சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை தொடங்கிவிடும். பிள்ளைகள் வீட்டில், தாத்தா பாட்டியும் வீட்டில், எல்லார் கையிலும் கேமரா வைத்த கைபேசி. ஐந்து நிமிடக் குறும்படம் எடுக்க இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். இதுவரை ஒரு காட்சிகூட எடுத்துப் பழகாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மர்மப் படம் என்றதும் கொலை, போலீஸ் என்று போக வேண்டாம். குடும்பமாக உட்கார்ந்து பார்க்கிற கிறிஸ்துமஸ் மர்மத்தில் வில்லன் கிடையாது. ஏதோ ஒரு பொருள் காணாமல் போகும், தேடுவார்கள், எடுத்தவர் பாசத்தால்தான் எடுத்தார் என்று கடைசியில் தெரியவரும். யார் எடுத்தது என்ற கேள்வி பிள்ளைகளைக் கட்டிப்போடும். ஏன் எடுத்தார் என்பதுதான் பெரியவர்கள் மனதில் நிற்கும். ஆகவே கதை, கேமரா, ஒலி எல்லாமே அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்காகவே வேலை செய்யட்டும்.

படி 1: முடிவை முதலில் எழுதுங்கள்

மர்மக் கதையைப் பின்னாலிருந்துதான் கட்ட வேண்டும். விடை தெரியாமல் துப்புகளைத் தூவினால் நடுவில் கதை சிக்கிக்கொள்ளும். ஒரு கதையை உதாரணமாகச் சொல்கிறேன், வேண்டுமானால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் முதல் வாரம். வீட்டில் குடில் வைக்கிறார்கள். பெட்டியைத் திறந்தால் மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், ஆடு, மாடு எல்லாம் இருக்கின்றன, பாலன் இயேசு சுரூபத்தை மட்டும் காணோம். பாலனைக் கிறிஸ்துமஸ் நள்ளிரவில்தானே வைக்கப் போகிறோம் என்று அப்பா சமாதானம் சொல்கிறார். பாட்டியால் அப்படி இருக்க முடியவில்லை. கல்யாணமாகி இங்கே வந்தபோது அவருடைய அம்மா கொடுத்தனுப்பிய சுரூபம் அது. பன்னிரண்டு வயது அக்கா துப்பறியக் கிளம்புகிறாள். தம்பி மட்டும் ஏனோ கூட வர மறுக்கிறான்.

விடை இதுதான்: போன வருஷம் குடிலைப் பிரித்தபோது தம்பி கைதவறிப் போட்டதில் பாலனின் கை உடைந்துவிட்டது. பயத்தில் யாரிடமும் சொல்லாமல் பெட்டிக்குள் வைத்துவிட்டான். இந்த வருஷம் பாம் ஷெல்டரிலிருந்து (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறை, பொருள் வைக்கவும் உதவும்) பெட்டியை இறக்கிய தாத்தா அதைப் பார்த்துவிட்டார். பாட்டி மனசு நோகக் கூடாது, பேரனும் திட்டு வாங்கக் கூடாது என்று தாமே ஒட்டி, சாயம் பூசி, ஒளித்துக் காயவைத்திருக்கிறார்.

இந்த விடையை ஒரு தாளில் எழுதி நடிப்பவர்கள் எல்லாரிடமும் காட்டிவிடுங்கள். நடிக்கிறவர்களுக்கு மர்மம் தெரிந்திருக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியக் கூடாது.

படி 2: துப்புகளை வையுங்கள்

ஐந்து நிமிடப் படத்துக்கு இரண்டு உண்மைத் துப்பும் ஒரு பொய்த் துப்பும் தாராளம்.

முதல் துப்பு, சோபாவுக்கு அடியில் கிடக்கும் தமிழ் முரசு. அதில் வட்டமாக நீலச் சாயக் கறை. அக்கா மூலையில் இருக்கும் தேதியைப் பார்க்கிறாள். “நேத்துப் பேப்பரு! அப்போ நேத்துதான் யாரோ பெயிண்ட் அடிச்சிருக்காங்க.” தாளில் உள்ள தேதியும் கதையின் தேதியும் ஒத்துப்போக வேண்டும். அதனால்தான் கதையை டிசம்பர் முதல் வாரத்தில் வைத்தேன். அந்த வாரத்திலேயே படம் எடுத்தால் முதல் நாள் நாளிதழ் கையில் இருக்கும்.

இரண்டாவது துப்புதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தாத்தா தட்டில் அச்சு முறுக்கைக் கொண்டுவந்து நீட்டுகிறார். தட்டின் ஓரத்தைப் பிடித்திருக்கும் கட்டை விரல் நகத்தடியில் மெல்லிய நீலக் கோடு. அதை ஒரே ஒரு முறை காட்டுங்கள். அப்போது பார்ப்பவரின் கவனம் வேறு எதிலாவது இருக்க வேண்டும். தம்பி முறுக்கைக் கடிக்கும் சத்தம், அம்மாவின் “சாப்பாட்டுக்கு முன்னாடி வேண்டாம்டா” என்ற அதட்டல், இந்தக் களேபரத்துக்கு நடுவே விரல் கடந்து போய்விடட்டும். விரலை நெருக்கமாகக் காட்டி இசையும் போட்டால் துப்பு அங்கேயே செத்துவிடும். இரண்டாம் முறை படம் பார்க்கிறவர், “அட, அப்பவே காட்டிட்டாங்களே!” என்று சொன்னால் நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

பொய்த் துப்புக்கு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருப்பவர்கள் எங்கும் அலைய வேண்டாம். ராத்திரியில் மேல் வீட்டில் கோலிக்குண்டு உருளுவது போல ஒரு சத்தம் கேட்குமே, அது போதும். தண்ணீர்க் குழாய்தான் காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள், பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அந்தச் சத்தத்தை நம்பி அக்கா மேல்மாடிக்கு ஓடட்டும்.

படி 3: வசனத்தைக் குறையுங்கள்

ஆறு காட்சிகள் போதும்: பெட்டி திறப்பது, தேடத் தொடங்குவது, நாளிதழ், முறுக்குத் தட்டு, மேல்மாடி ஓட்டம், நள்ளிரவு. வசனத்தை வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதுங்கள்.

“தாத்தா, உங்க விரல்ல என்ன நீலம்?”
“பேனா மை ஒழுகிடுச்சும்மா.”
“நீங்க பென்சில்லதானே எழுதுவீங்க?”

இந்த மூன்று வரிக்குப் பிறகு தாத்தா ஒன்றும் பேச வேண்டாம். தம்பியை ஒரு பார்வை பார்த்தால் போதும்.

கடைசிக் காட்சிக்கு வசனமே வேண்டாம். தாத்தா சுரூபத்தைக் கொடுக்கிறார். பாட்டி ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்க்கிறார். அப்புறம் அதைத் தம்பி கையில் கொடுத்துக் குடிலில் வைக்கச் சொல்லித் தலையசைக்கிறார். மன்னிப்பு, பாசம் என்று யாராவது வாய் திறந்து விளக்கினால் அந்தக் காட்சி கெட்டுவிடும்.

படி 4: கைபேசியைத் தயார் செய்யுங்கள்

லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். கைபேசியைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். விமானப் பயன்முறையில் போடுங்கள், பாதிக் காட்சியில் அழைப்பு வராது. ட்ரைபாட் இல்லையென்றால் அரிசி டின்மேல் சாய்த்து வையுங்கள்.

திரையில் தெரியும் முகத்தின்மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். இதைச் செய்யாவிட்டால் யாராவது நகரும்போதெல்லாம் படம் இருண்டு வெளுக்கும்.

கிறிஸ்துமஸ் மரத்துச் சர விளக்குகளைப் படமெடுக்கும்போது கோடு கோடாக மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ப்ரோ வீடியோ வசதி இருந்தால் ஷட்டர் வேகத்தை (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி பதிவாகும் நேரம்) 1/50 அல்லது 1/100 விநாடி என்று வையுங்கள். ஐபோனில் கேமரா அமைப்புகளில் ‘ஷோ பால் ஃபார்மட்ஸ்’ என்பதைத் திறந்துவிட்டு, விநாடிக்கு 25 ஃபிரேம் என்று தேர்ந்தெடுங்கள். கோடுகள் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியும் மின்னுகிற சரத்தைப் பின்னணியில் தள்ளி வையுங்கள்.

படி 5: பனிக்குப் பதில் மழை

வெளிநாட்டுப் படங்களில் பனியும் கணப்பும் தரும் கதகதப்பை இங்கே மழை தரும். டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று மழை பிற்பகல்களில் கொட்டுகிறது. ஜன்னல் கண்ணாடியில் வழியும் நீர், உள்ளே மஞ்சள் விளக்கு, அடுப்படியில் கல்கல் (கிறிஸ்துமஸ் பலகாரம்) பொரியும் வாசனையை நினைவூட்டும் ஒரு தட்டு. இதுதான் நம் ஊர்க் கிறிஸ்துமஸ். பஞ்சை ஒட்டிப் பனி என்று காட்ட வேண்டாம், நம்பும்படி இருக்காது.

வரவேற்பறையின் வெள்ளைக் குழல்விளக்கை அணைத்துவிட்டு, மஞ்சள் மேசை விளக்கை நடிப்பவரின் பக்கவாட்டில் வையுங்கள். டிசம்பரில் சூரியன் ஏழு மணியளவில் மறைகிறது. அதற்கு முந்தைய அரை மணி நேரம் தாழ்வாரத்தில் எடுக்க அருமையான வெளிச்சம். அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவர்கள் வீட்டு வாசலும் படத்தில் விழும்.

வெளிக் காட்சி ஒன்றிரண்டு போதும். ஆர்ச்சர்ட் ரோட்டில் 1984 முதல் கிறிஸ்துமஸ் விளக்கு அலங்காரம் செய்கிறார்கள். நடைபாதைக் கூட்டத்தில் தள்ளுமுள்ளுப் படுவதைவிட, ஈரடுக்குப் பேருந்தின் மேல்தளத்தில் முன்னிருக்கையில் உட்கார்ந்து எடுங்கள். கேமரா தானாக நகர்ந்து போகிற மாதிரி அழகாக வரும். ஆலயம் வேண்டுமென்றால் ஓஃபிர் ரோட்டில் 1888இல் எழுந்த லூர்து மாதா ஆலயம் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டிய கோவில் அது. வெளியிலிருந்து கோபுரத்தை எடுத்தாலே போதும். உள்ளே எடுக்க அனுமதி கேளுங்கள், திருப்பலி நேரத்தில் வேண்டாம்.

படி 6: ஒலியைக் கவனியுங்கள்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் மன்னிப்பார்கள். வசனம் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். காற்றாடியை நிறுத்துங்கள். குளிர்ப்பெட்டியின் உறுமலும் பதிவாகும். அதை அணைத்தால் வீட்டுச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள், வெளியே கிளம்பும்போது திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். காலையில் எடுத்தால் குயில் விடாமல் கூவும், ஜன்னலைச் சாத்துங்கள்.

இன்னொரு கைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டு நடிப்பவரின் சட்டைப் பையில் வைத்தாலே குரல் தெளிவாக வரும். தொடங்கும்போது ஒருமுறை கையைத் தட்டுங்கள், பிறகு படத்தையும் ஒலியையும் பொருத்த அந்தத் தட்டல் உதவும். ஒவ்வோர் அறையிலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அது தேவைப்படும்.

படி 7: எடுங்கள்

ஒவ்வொரு காட்சியையும் முதலில் முழு அறையும் தெரியத் தொடக்கம் முதல் முடிவு வரை எடுங்கள். அப்புறம் இடுப்பளவில், அப்புறம் முகம் அல்லது கை மட்டும். பேசி முடித்ததும் நிறுத்தாமல் மூன்று விநாடி ஓடவிடுங்கள். நல்ல முகபாவம் பல நேரம் அந்த மூன்று விநாடியில்தான் கிடைக்கும்.

பாட்டியை வசனம் மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். கையில் வேலை கொடுங்கள். கல்கல் மாவைச் சீப்பில் சுருட்டிக்கொண்டே பேசச் சொன்னால் கேமராவையே மறந்துவிடுவார். சூடான எண்ணெய் வரும் காட்சியில் சின்னப் பிள்ளைகள் அடுப்படியில் இருக்க வேண்டாம், அதைத் தனியாக எடுங்கள்.

இரண்டு நாள் எடுத்தால் உடை மாறக் கூடாது. முதல் நாள் முடிவில் எல்லாரையும் ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். தட்டில் மிச்சம் இருக்கும் முறுக்கையும் சேர்த்துத்தான்!

படி 8: வெட்டி ஒட்டுங்கள், காட்டுங்கள்

வெட்டி ஒட்டும் செயலிக்கு ஐபோனில் ஐமூவி, மற்றவற்றில் கேப்கட், கணினி இருந்தால் இலவச டாவின்சி ரிசால்வ். முதலில் காட்சிகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள், அப்புறம் ஒவ்வொன்றின் தலையையும் வாலையும் வெட்டுங்கள். தாத்தா தம்பியைப் பார்க்கும் பார்வையை மட்டும் அவசரப்பட்டு வெட்டாதீர்கள்.

இசைக்கு யூடியூபின் இலவச ஒலி நூலகம் இருக்கிறது. பழைய கீர்த்தனையானாலும் பிறர் பாடிய பதிவுக்கு உரிமை இருக்கும். வீட்டில் கீபோர்டு வாசிக்கிற பிள்ளை இருந்தால் அவளையே வாசிக்கச் சொல்லுங்கள்.

கதை தெரியாத ஒருவரிடம் முதலில் காட்டுங்கள், பக்கத்து வீட்டு ஆன்ட்டியானாலும் சரி. முறுக்குத் தட்டிலேயே விடையைச் சொல்லிவிட்டால் அந்த ஷாட்டைச் சுருக்குங்கள். கடைசிவரை விரலையே கவனிக்கவில்லை என்றால் அரை விநாடி கூட்டுங்கள். பிறகு 24ஆம் தேதி மாலை, நள்ளிரவுத் திருப்பலிக்குக் கிளம்புவதற்கு முன் தொலைக்காட்சியில் போடுங்கள். ஊரில் உள்ள சொந்தங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் வீடியோவாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், தரம் குறையாமல் போய்ச் சேரும்.